குரைப்பு, தாவல், லிஃப்டில் சிறுநீர்: பக்கத்து வீட்டார் புகார் சொன்னால் எங்கிருந்து திருத்துவது

பக்கத்து வீட்டார் சொல்லும் புகாரில், நாய் வளர்ப்பவர் கண்ணில் படாத ஒரு தகவல் இருக்கிறது. நீங்கள் ஆபீசில் இருக்கும்போது காலை பதினொரு மணிக்கு உங்கள் நாய் என்ன செய்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அதனால் புகார் வந்ததும் "எங்க நாய் அப்படியெல்லாம் செய்யாதே" என்று மறுக்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. பதிலை எழுதி வையுங்கள். ஒரு வாரக் குறிப்பு கையில் இருந்தால் கீழே உள்ளவற்றில் எது உங்கள் வீட்டுப் பிரச்சினை என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். நாய் ஒரு காரியம் செய்தது. அடுத்த ஓரிரு நொடிக்குள் அதற்கு என்ன கிடைத்தது? கிடைத்தது பிடித்துப்போனால் அந்தக் காரியம் மறுபடி வரும். "அது குணமே அப்படி" என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, வீட்டார் தெரியாமலே தினமும் கொடுத்து வந்த கூலி. இனத்துக்கும் பங்கு உண்டு. பீகிள் ஊளையிடும். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய வேட்டை நாய் இனங்கள் ஓடுகிற எதையும் துரத்தும். ராஜபாளையம் அந்நியரை லேசில் ஏற்காது. நாய் எதை எளிதில் கற்கும் என்பதை இனம் சொல்கிறது. எதற்குக் கூலி கிடைக்கும் என்பதை வீடுதான் தீர்மானிக்கிறது.

தொடங்கும் முன் ஒரு சோதனை. நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று உறுமினாலோ, வீட்டுக்குள் சிறுநீர் கழித்தாலோ, இரவில் அலைந்தாலோ முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது சீழ், உண்ணிக் காய்ச்சல், மூட்டு வலி, சிறுநீர்ப் பாதைத் தொற்று ஆகிய எல்லாமே நடத்தைக் கோளாறு போலத் தெரியும். வெள்ளை ராஜபாளையங்களில் பிறவிச் செவிடு உண்டு. கூப்பிட்டும் திரும்பாத குட்டியை அடங்காப்பிடாரி என்று முடிவுகட்டும் முன், அதன் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். காது கேட்கவில்லை என்றால் கைச் சைகையிலேயே எல்லாவற்றையும் சொல்லித்தரலாம்.

காலிங் பெல், லிஃப்ட் கதவு, பால்காரர்: ஒவ்வொரு சத்தத்துக்கும் குரைக்கிறது

அடுக்குமாடி வீடுகளில் அதிகம் வரும் புகார் இது. காரணம் எளிது. பால் போடுபவர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் பாக்கெட்டை மாட்டிவிட்டுப் போகிறார். அவர் எப்படியும் போகத்தான் வந்தார். நாய்க்கோ தான் குரைத்துத்தான் அவரை விரட்டினோம் என்று கணக்கு. பேப்பர் போடும் பையன், கூரியர், சாப்பாடு கொண்டுவருபவர் என்று ஒரு நாளில் ஐந்தாறு தடவை இந்த வெற்றி கிடைக்கிறது. நடுவில் நாம் "ஏய்! சும்மா இரு!" என்று கத்தினால், வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து குரைப்பதாகவே அதற்குப் படும்.

திருத்தும் முறை: பெல் சத்தத்துக்குப் புது அர்த்தம் கொடுப்பது. வாசலில் இருந்து எட்டு, பத்து அடி தள்ளி ஒரு பாய் விரியுங்கள். வேகவைத்த கோழியையோ முட்டையையோ பொட்டுக்கடலை அளவுக்குத் துண்டு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உப்பும் வெங்காயமும் சேரக்கூடாது. உங்கள் வீட்டு பெல் சத்தத்தை மொபைலில் பதிந்து, காதில் விழுந்தும் விழாத அளவில் ஒலிக்கவிடுங்கள். சத்தம் வந்த உடனே ஒரு துண்டைப் பாயில் போடுங்கள். சத்தம் முதலில், தீனி பிறகு. வரிசை மாறினால் பாடம் ஏறாது. ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளைக்கு இரண்டு தடவை. சத்தம் கேட்டதும் நாய் வாசலைப் பார்க்காமல் பாயைப் பார்க்கத் தொடங்கினால் ஒலியை ஒரு படி ஏற்றுங்கள். குரைத்துவிட்டால் ஏற்றியது அதிகம் என்று பொருள். இரண்டு படி இறக்குங்கள். முழுச் சத்தத்தில் நாய் பாய்க்கு ஓடிவந்த பிறகு, வீட்டில் ஒருவர் வெளியே போய் நிஜ பெல்லை அடிக்க வேண்டும். கடைசியில் வாட்ச்மேனையோ பக்கத்து வீட்டாரையோ அடிக்கச் சொல்லுங்கள். இந்தக் கடைசிப் படிக்குப் புகார் சொன்னவரையே அழைப்பது நல்லது. பயிற்சி நடப்பதை அவர் கண்ணால் பார்க்கிறார். நாய்க்கும் அவர் வருகை நல்ல செய்தியாகிறது.

பயிற்சி முடியும்வரை பழைய வெற்றி கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பால் பையைக் கீழே வாட்ச்மேனிடம் வாங்கிக்கொள்ளலாம். சாப்பாடு கொண்டுவருபவரிடம் பெல் அடிக்காமல் போன் செய்யச் சொல்லலாம். அதிகாலையில் நாய் வாசல் ஹாலில் படுக்காமல் உள்ளறையில் மின்விசிறிச் சத்தத்தோடு படுக்கட்டும்.

குரைத்தால் மின்சாரம் பாய்ச்சும் கழுத்துப்பட்டைகள் இணையத்தில் விற்கின்றன. வாங்காதீர்கள். எதிர்வீட்டம்மா படி ஏறும்போதெல்லாம் கழுத்தில் வலி வந்தால், நாய் கற்பது "குரைக்காதே" என்பதை அல்ல. "இந்த அம்மா வந்தால் வலிக்கும்" என்பதை. சத்தம் குறையலாம். அந்த அம்மாவைக் கண்டாலே அதற்குப் பயம் வந்துவிடும், பயந்த நாய்தான் கடிக்கும்.

நம் முகத்தைப் பார்த்தே குரைக்கிறது

பிஸ்கட்டுக்காக, பந்துக்காக, வெளியே கூட்டிப்போகச் சொல்லிக் குரைப்பது. இதற்குக் கூலி கொடுப்பது முழுக்க வீட்டார்தான். கொடுக்காமல் விட்டால் நிற்கும். ஆனால் நிற்பதற்கு முன் ஏறும். இதுவரை வேலை செய்த தந்திரம் பலிக்காதபோது நாய் அதையே இன்னும் உரக்கச் செய்து பார்க்கும். சில நாள், சமயத்தில் ஒரு வாரம்கூட நீடிக்கும். பாதியில் பாட்டி மனமிரங்கி ஒரு பிஸ்கட் போட்டால், "இருபது நிமிடம் கத்தினால்தான் கிடைக்கும்" என்ற பாடம் முன்பைவிட உறுதியாகப் பதியும். எப்போதாவது கிடைக்கும் கூலிக்குப் பழகிய பழக்கம், எப்போதும் கிடைப்பதற்குப் பழகியதைவிட அழியத் தாமதமாகும். அதனால் வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் தொடங்க வேண்டும். மேல்வீடு, கீழ்வீடு இரண்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "பழக்கத்தை மாத்திட்டிருக்கோம், ஒரு வாரம் சத்தம் கூடும், அப்புறம் குறையும்." முன்பே சொன்ன சத்தத்தை மனிதர் பொறுப்பார்கள். கூடவே, நாய் தானாகச் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கவனியுங்கள், தடவுங்கள், தீனி போடுங்கள். அமைதிக்குக் கூலியே கிடைக்காத வீட்டில் அமைதி வளராது.

வீட்டைப் பூட்டிப் போனதும் ஊளை

இதைத்தான் சொந்தக்காரர்கள் கடைசிவரை நம்ப மாட்டார்கள், தாங்கள் இருக்கும்போது அது நடக்காது என்பதால். பழைய மொபைலில் வீடியோ ஓடவிட்டு ஒரு மணிநேரம் வெளியே போய்ப் பாருங்கள். இரண்டு விதமாகத் தெரியலாம். ஒன்று, நன்றாகத் தூங்கிவிட்டு, வெளியே ஏதோ சத்தம் வந்தபோது குரைத்து, மறுபடி படுப்பது. இது சலிப்பு, காலையில் நடையைக் கூட்டினால் பாதி தீரும். மற்றது, நீங்கள் போன அரைமணி நேரத்துக்குள்ளேயே வாசலைச் சுரண்டுவது, எச்சில் ஒழுக நடப்பது, சிறுநீர் விடுவது, விடாத ஊளை. இது தனிமைப் பதற்றம். சேட்டையல்ல, பீதி. திரும்பி வந்து அடித்தால் பீதி கூடும்.

பதற்றத்துக்கு வேலை மெதுவானது. நீங்கள் கிளம்புவதற்கான அறிகுறிகளை நாய் மனப்பாடம் செய்திருக்கும்: சாவி, செருப்பு, பை. முதல் சில நாள் சாவியை எடுத்துவிட்டு மறுபடி உட்காருங்கள். செருப்பு போட்டுக்கொண்டு காய் நறுக்குங்கள். இவற்றுக்கு நாய் தலை தூக்காத பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தி ஐந்து நொடியில் திரும்புங்கள். பிறகு பத்து நொடி, முப்பது நொடி, ஐந்து நொடி, ஒரு நிமிடம், இருபது நொடி என்று கூட்டியும் குறைத்தும் போங்கள். நேர் ஏணி போல ஏற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு தடவையும் கடினமாவதை நாய் கண்டுபிடித்துவிடும். விதி ஒன்றுதான்: நாய் பதறும் முன் திரும்பியிருக்க வேண்டும். நாற்பது நிமிடம்வரை அமைதியாக இருக்கப் பழகிவிட்டால் அதற்குப் பிறகு நேரம் வேகமாக நீளும், ஏனென்றால் பீதி உச்சமாவது ஆரம்பத்தில்தான். இதற்கு வாரங்கள் ஆகும், சில நாய்களுக்கு மாதங்கள்.

அதுவரை நாயை முழுநேரம் தனியே விடக்கூடாது. இங்கேதான் அக்கம்பக்கம் கைகொடுக்கும். பகலில் வீட்டில் இருக்கும் தாத்தா ஒருவர், டியூஷன் முடித்து வரும் கல்லூரிப் பெண், யாராவது மூன்று மணிநேரம் வைத்துக்கொள்ளச் சம்மதிப்பார்கள், மரியாதையாகக் கேட்டால். கிளம்பும்போது உப்பில்லாத தயிர்சாதத்தை ரப்பர் பொம்மைக்குள் அடைத்து ஃப்ரீசரில் உறையவைத்துக் கொடுக்கலாம். நக்கி முடிக்க நேரமாகும். ஆனால் கடும் பதற்றத்தில் இருக்கும் நாய் அதைத் தொடவே தொடாது. தொடாமல் கிடந்தால் அதுவும் ஓர் அறிகுறிதான். கடுமையான நிலைக்கு மருத்துவர் ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற பதற்றம் குறைக்கும் மருந்து எழுதுவதுண்டு. பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால்தான் பலன். நம் மாத்திரைப் பெட்டியிலிருந்து எதையும் கொடுக்கக்கூடாது.

பால்கனியில், கேட்டில், மொட்டை மாடியில் நாளெல்லாம்

நாயைக் கட்டிப்போட்ட இடம்தான் கோளாறு. தெருவைப் பார்த்துக்கொண்டே கட்டிக்கிடக்கும் நாய்க்கு, போகிற ஒவ்வொருவரும் ஓட்டப்பட வேண்டியவர். ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது என்பதால் எரிச்சல் கோபமாக மாறும். நாளெல்லாம் கட்டிக்கிடந்த நாய் அறுத்துக்கொண்டு வந்த அன்று யாரையாவது கடிப்பது இப்படித்தான். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டுவதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதையும் குற்றம் என்கிறது.

பால்கனிக் கம்பியில் நாயின் கண் உயரத்துக்கு மேல்வரை மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டுங்கள். தெரு தெரியாவிட்டால் பாதிக் குரைப்பு அன்றே போகும். மனிதர் வீட்டில் இல்லாத நேரத்தில் பால்கனிக் கதவு மூடியிருக்கட்டும். மொட்டை மாடியில் வளர்ப்பதை முழுக்க விடுங்கள். சித்திரை வெயிலில் நாய் செத்துப்போகும். நடை காலை ஏழுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும். சிமெண்டுத் தரையில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. நடையில் மோப்பம் பிடிக்க விடுங்கள். இருபது நிமிடம் மூக்கால் தெருவைப் படித்த நாய், இழுத்துக்கொண்டு ஓடிய நாயைவிட நன்றாகத் தூங்கும்.

ஆள்மேல் தாவுகிறது

அன்பால்தான் தாவுகிறது. முப்பது கிலோ லாப்ரடார் அன்பு காட்டினாலும் எழுபது வயதுக்காரர் விழுந்து இடுப்பெலும்பு முறியும். குட்டியாக இருந்தபோது தாவியதற்குத் தூக்கிக் கொஞ்சியது யார் என்று யோசியுங்கள். முழங்காலால் இடிப்பதும் காலை மிதிப்பதும் வேண்டாம். நாலு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் கவனிப்பு, தாவினால் திரும்பி நிற்பது, அவ்வளவுதான். அதோடு "சிட்" சொல்லித்தந்து, ஆள் வந்தால் உட்கார்வதையே வணக்கமாக்குங்கள். வீட்டில் ஒருவர் "சிட்", இன்னொருவர் "உட்காரு", மூன்றாமவர் "சிட் டவுன்" என்றால் நாய் எதையும் கற்காது. ஒரே சொல்லை முடிவுசெய்து ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். இந்தப் பழக்கம் படியும்வரை விருந்தாளி வரும்போது கயிறு உங்கள் கையில்.

பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒரு வரி சொல்லித்தர வேண்டும், அவர்கள் பெற்றோர் முன்னிலையில்: நாய் அருகே வந்தால் ஓடாதே, கத்தாதே, கை கட்டி மரம்போல் நில்; சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் தொடாதே.

லிஃப்டில், படிக்கட்டில், கோலத்தின் மேல் சிறுநீர்

குட்டி என்றால் அடக்கத் தெரியாது. வயது எத்தனை மாதமோ அதற்கு மேல் ஒரு மணிநேரம் என்பது தோராயக் கணக்கு. மூன்று மாதக் குட்டி பகலில் நான்கு மணிநேரத்துக்கு மேல் தாங்காது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் வெளியே கொண்டுபோகணும். மூன்றாம் மாடியிலிருந்து நடத்திக்கொண்டு வந்தால் வழியிலேயே விடும், தூக்கிக்கொண்டு இறங்குங்கள். சரியான இடத்தில் போனதும் அங்கேயே, அந்த நொடியே தீனி. வீட்டுக்கு வந்து கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்குக் கொடுத்ததாகும்.

வளர்ந்த ஆண் நாய் கால் தூக்கி, ஒரே பைக் சக்கரத்தில் ஒவ்வொரு நாளும் பெய்தால் அது எல்லைக்குறி. இனப்பெருக்கத் தடை அறுவை பல நாய்களில் இதைக் குறைக்கும், எல்லாவற்றிலும் அல்ல. கேட்டைத் தாண்டும்வரை கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, நிற்காமல் நடந்து, வெளியே முதல் மின்கம்பத்தில் நின்று பெய்ய விடுங்கள். ஒரு பாட்டில் தண்ணீர் கையில் இருக்கட்டும்; தவறிப் பெய்தால் அங்கேயே ஊற்றிக் கழுவுங்கள், வண்டிக்காரர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரம் உங்கள் தெருவில் எது என்று தெரிந்துகொண்டு அதற்கு முன்பே நடையை முடியுங்கள், அல்லது எதிர்ப்பக்கமாகப் போங்கள். போட்ட கோலத்தின் மேல் பெய்தால் கோபம் வருவது நியாயம்.

பினாயிலால் துடைத்தால் மனித மூக்குக்குத்தான் வாடை போகும். நாய்க்குச் சிறுநீர் வாடை அடியில் அப்படியே இருக்கும், மறுபடி அதே மூலையில் பெய்யும். முதலில் துணியால் உறிஞ்சி எடுங்கள். பிறகு சிறுநீர்க் கறைக்கென்று விற்கும் என்சைம் திரவத்தை ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். அது கிடைக்காவிட்டால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி, ஆனால் மார்பிள் தரையில் வேண்டாம், பளபளப்பு போய்விடும். சிறுநீர்மேல் பிளீச்சிங் பவுடர் கொட்டாதீர்கள். நெடியடிக்கும் நச்சு வாயு கிளம்பும். மலத்தைப் பையில் அள்ளுவது பற்றி விவாதமே இல்லை.

தெருநாயைக் கண்டால் பாய்கிறது

இழுத்துப் பிடித்துத் திட்டுவதால்தான் இது முற்றுகிறது. இன்னொரு நாய் தெரிந்ததும் கழுத்து இறுகுகிறது, எஜமான் கோபப்படுகிறார். ஆகவே இன்னொரு நாய் கெட்டது. எத்தனை அடி தூரத்தில் உங்கள் நாய் தெருநாயைப் பார்த்தும் தீனி வாங்கிக்கொள்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஐம்பது அடி என்றால் ஐம்பதில் தொடங்குங்கள். பார்த்தது, தீனி, மறுபடி பார்த்தது, தீனி, பிறகு திரும்பி நடப்பது. வாரத்துக்குச் சில அடி நெருங்கினால் போதும். தீனியை முகர்ந்தும் பார்க்காவிட்டால் மிக அருகில் நிற்கிறீர்கள். கயிறு ஐந்தாறு அடி நீளத்தில், நீண்டு சுருங்காததாக இருக்கட்டும். மார்பில் வளையம் உள்ள ஹார்னெஸ் இழுவையைக் குறைக்கும். இரும்புச் சங்கிலி கையையும் அறுக்கும், அதன் பல்லையும் உடைக்கும்.

தெருநாய்க்குச் சோறு வைப்பவர் உங்கள் குடியிருப்பில் இருந்தால் அவரோடு நேரத்தைப் பேசிக்கொள்ளுங்கள். சோற்றைக் காக்கும் நாய்க்கூட்டம் நடுவே உங்கள் நாயை இழுத்துப்போவது நீங்களே தேடும் சண்டை.

உறுமுகிறது, பல் காட்டுகிறது

உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் பயத்தின் பேச்சு. அடித்தால் பயம் போகாது, பேச்சு மட்டும் போகும்; அடுத்த முறை முன்னறிவிப்பில்லாமல் கடிக்கும். உறுமலுக்கு முன்பே அடையாளங்கள் உண்டு: சாப்பாடு இல்லாதபோது உதடு நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி, தலையைத் திருப்பிக் கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உடல் விறைத்து நிற்பது. இவற்றைக் கண்டதும் தூரம் கொடுங்கள். கூடை போன்ற வாய்க்கூடு வாங்கி, உள்ளே தீனி வைத்து, தானே மூக்கை நுழைக்கும்படி இரண்டு மூன்று வாரத்தில் பழக்குங்கள். நாய் அதற்குள் வாய் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியவேண்டும். வாயை இறுகக் கட்டும் துணிவகை வெயிலில் ஆபத்து. லிஃப்டில் ஆள் இருந்தால் அடுத்ததற்குக் காத்திருங்கள். ஏறினால் நாயை மூலையிலும் உங்களை நடுவிலும் நிறுத்துங்கள்.

கடித்துவிட்டால் வாக்குவாதத்துக்கு நேரமில்லை. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக்கூடாது. உங்கள் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் கடிபட்டவர் அன்றே மருத்துவமனைக்குப் போகணும். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். ரத்தம் வந்த காயம் என்றால் முதல் நாளே காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் பொருள் ஊசியும் தேவை. நீங்களே கூடப் போங்கள், நாயின் தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள், செலவை ஏற்றுக்கொள்ளுங்கள், பத்து நாள் நாயைக் கண்காணிப்பில் வைத்து நிலவரத்தை அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி, விலங்கால் ஆபத்து வராமல் காக்கத் தவறியவருக்கு ஆறு மாதம்வரை சிறையோ 5,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். சட்டம் வரும்முன் நீங்கள் அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருக்க வேண்டும்.

அசோசியேஷன் "நாயே கூடாது" என்கிறது

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாயைத் தடைசெய்யவோ லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று சொல்லவோ முடியாது என்கிறது. அந்தத் தாளைக் கூட்டத்தில் முதலில் நீட்டாதீர்கள். தடுப்பூசி அட்டை, மாநகராட்சி உரிமம், ஒரு வாரக் குரைப்புக் குறிப்பு, இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்ற நான்கு வரி: இவற்றை முதலில் வையுங்கள். நான்கு வாரம் கழித்து மறுபடி குறிப்பைக் காட்டுவதாகச் சொல்லுங்கள், சொன்ன நாளில் காட்டுங்கள்.

நான்கு வாரத்தில் எதுவும் குறையவில்லை என்றால் பயிற்சியாளரை அழைக்கும் நேரம். அவரிடம் கேட்க வேண்டியது: நாய் தப்புச் செய்தால் என்ன செய்வீர்கள்? முள்பட்டை, கழுத்தை நெரிப்பது, "தலைவன் யார் என்று காட்டுவது" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். நாயை இரண்டு மாதம் தன்னிடம் விடச் சொல்பவரிடமும் எச்சரிக்கை தேவை. அங்கே அவர் சொல்லுக்கு உட்காரும் நாய், உங்கள் வீட்டு பெல் அடித்ததும் பழையபடி ஓடும், ஏனென்றால் கூலி கொடுக்கும் கை மாறவில்லை. உங்கள் வீட்டுக்கே வந்து, உங்கள் லிஃப்ட் வாசலில் நின்று, கயிற்றை உங்கள் கையிலும் உங்கள் பிள்ளை கையிலும் கொடுத்துச் சொல்லித்தருபவரைத் தேடுங்கள்.